பதினோரு மணிக்குப் பூட்டியிருந்த பூங்கா

மைசூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று சென்ற பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். நம் ஊர்க் கோபிக்காரர்தானாம், குடும்பத்தோடு போகப்போகிறாராம். முடியும். 1996-இல், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாங்கள் மூன்று பேர் அப்படிப் போய்த் திரும்பினோம். அரண்மனைக்குள் போகவில்லை. சாமுண்டி மலை ஏறவில்லை. மிருகக்காட்சிசாலையின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. பழைய ஊர்ப் பகுதியில் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவின் கம்பிவேலியை, வெளியே வெயிலில் நின்றபடி, நாற்பத்தொன்பது நிமிடம் பார்த்தோம்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, சர்க்கரை வந்தாயிற்று, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். மைசூர் என்று பேச்செடுத்தால் மட்டும் அந்த மாத்திரை வேலை செய்வதில்லை. ஆகவே இந்தப் பதிவில் நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். நேரம், தூரம், கட்டணம் மூன்றும் சரியாக இருக்கும். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண்ணில் தவற மாட்டேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கோகிலாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. கோபியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆகவே மாப்பிள்ளை தேடும் வேலை என்னுடையது. ஏற்கெனவே ஆறு வீட்டுக்காரர்கள் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் நிறம் என்றார், ஒருவர் வயது என்றார், நான்கு பேர் கடிதமே போடவில்லை. ஆறாவது ஆள் போன அன்று சாயங்காலம் கோகிலா பாத்திரம் கழுவிக்கொண்டே, இன்னும் ஒரு தடவைதான், ஏழாவது ஆளும் இப்படிப் போனால் அதற்குமேல் யாரும் தன்னைப் பார்க்க வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள். கோகிலா சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஏழாவது வரன்தான் மைசூர். இரண்டு தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து போய் அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். பையன் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியர், அப்பா ஓய்வு பெற்ற அதிகாரி, அங்கே விஜயநகர்ப் பகுதியில் சொந்த வீடு, மாடியோடு. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். தரகர் மூலமாகக் கடிதம் வந்தது: “ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு பூங்கா வாசலுக்கு வரவும். கும்பலாக வேண்டாம். தற்செயலாகச் சந்திப்பதுபோல் இருக்கட்டும். பிடிக்காவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.” கீழே இன்னொரு வரி. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது செருப்பு இல்லாமலா?

அந்தக் கடைசி வரியிலேயே கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கடைக்குப் போய் இரண்டு அங்குலக் குதிகால் வைத்த செருப்பு வாங்கி வந்தேன். ஏனென்றால் கோகிலாவின் உயரம் ஐந்தடி ஒன்று. எண்ணில் தவற மாட்டேன் என்று மேலே சொன்னேனே, இது தவறல்ல, தெரிந்தே எழுதியது.

மற்றபடி அந்தக் கடிதம் எனக்கு நாகரிகமாகவே பட்டது. எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்பதால், முதலில் கோயிலில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். பெண்ணை ஏதோ வேண்டுதல் என்று சொல்லிக் கூட்டிவருவார்கள். பையன் வீட்டார் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். பிடித்திருந்தால் பிறகு முறையாக வீட்டுக்கு வருவார்கள். பெண்ணுக்கே தெரியாது, ஆகவே மனசு நோகாது. என் மனைவி சரோஜாவை நானும் அப்படித்தான் பார்த்தேன், அதற்கு எட்டு வருடம் முன்பு. கோயிலுக்குப் பதில் பூங்கா, அவ்வளவுதானே என்று நினைத்தேன். சரோஜாவிடம் கடிதத்தைக் காட்டியபோது அவள் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இனிப் பயணம். கோபியில் காலை 4.40-க்கு டவுன் பஸ், சத்தியமங்கலத்துக்கு 5.20. இருபது கிலோமீட்டர், ஆளுக்கு மூன்றரை ரூபாய். சத்தியில் 5.35-க்கு மைசூர் பஸ். சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். பண்ணாரியில் சோதனைச்சாவடி, மலை ஏறினால் ஆசனூர், அப்புறம் மாநில எல்லை, அப்புறம் சாமராஜநகர். திம்பம் மலைப்பாதையில் இடதுபுற சன்னல் பக்கம் உட்காராதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன், எங்களுக்கு அன்று சொல்ல ஆள் இல்லை. பாதி மலையில் கோகிலா வாந்தி எடுத்தாள். நடத்துனர் பஸ்ஸை நிறுத்த மாட்டேன் என்றார். காட்டில் நிறுத்தக் கூடாதாம், அந்த வருடங்களில் அந்தக் காட்டைப் பற்றி எல்லோருக்கும் பயம்தான். ஆனால் இரண்டு வளைவு தள்ளி டிரைவர் பீடி பற்றவைக்க அதே பஸ் நின்றது. நான் எழுந்து கத்தினேன். கோகிலா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சாமராஜநகரில் 8.40-க்குப் பதினைந்து நிமிடம் நிற்கும். இட்லி சாப்பிடலாம், சட்னியை நம்ப வேண்டாம். மைசூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது 10.15. பெண் பயணிகள் காத்திருக்கும் அறையில் சரோஜா ஒரு போர்வையைப் பிடித்துக்கொள்ள, கோகிலா பட்டுப்புடவைக்கு மாறினாள். கழிப்பறைக்கு ஐம்பது காசு, தண்ணீர் இல்லை. வெளியே வந்தபோது முகத்தில் பவுடர் ஏறி, குதிகால் செருப்பில் தட்டுத்தடுமாறி வந்தாள். வாசலில் பூக்காரியிடம் மைசூர் மல்லிகை, முழம் மூன்று ரூபாய். சரோஜா இரண்டு முழம் வாங்கி அவள் தலையில் வைத்தாள்.

பூங்கா பஸ் நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் தமிழில் பேசினார், ஆகவே நம்பினேன். அரண்மனையின் ஒரு பக்கம் காட்டினார், பிறகு மறு பக்கம் காட்டினார், பெரிய மார்க்கெட்டைக் காட்டினார், மணிக்கூண்டைக் காட்டினார், மறுபடியும் அரண்மனையின் முதல் பக்கத்தையே காட்டினார். இருபது நிமிடம், இருபது ரூபாய். இறங்கியபோது மணி 10.52.

பூங்காவின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரர்கள் கோபியிலும் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் படிப்பார்கள். அரண்மனைக்குப் பின்னால், பழைய ஓட்டு வீடுகளும் மரத்தூண் வைத்த கடைகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தெருக்களில், மூன்று தெரு சந்திக்கும் இடத்தில் ஒரு முக்கோணம். சுற்றிலும் ஈட்டி முனை வைத்த இரும்பு வேலி, பச்சை அடித்து முனைக்கு மட்டும் வெள்ளி. உள்ளே நடுவில் தண்ணீர் வராத கல் நீரூற்று, நான்கு சிமெண்ட் பெஞ்சு, கிட்டத்தட்ட பூங்கா முழுக்கவும் நிழல் போடும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வேலியை ஒட்டிக் குதிரைவண்டி நிறுத்தம். பார்க்க அழகான இடம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசலில் முக்கால் கிலோ எடையில் ஒரு பூட்டு.

பக்கத்தில் கன்னடத்தில் பலகை. எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரிந்தது. 6–10, 4–8. பொதுமக்களுக்கான பூங்காவாம், பொதுமக்கள் வெயிலில் சாகும் நேரத்தில் மூடிவிடுவார்களாம். நிழல் தேவைப்படாத காலையிலும் மாலையிலும் திறந்து வைத்துவிட்டு உச்சி வெயிலில் பூட்டும் இந்தத் திட்டத்தைப் போட்ட மூளை யாருடையது என்று இன்றுவரை யோசிக்கிறேன். மரத்தின் நிழல் முழுக்க வேலிக்கு உள்ளே இருந்தது. நாங்கள் நின்ற பக்கம் ஒரு கை அகலம்கூட இல்லை.

உள்ளே காவல்காரர் ஒருவர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், காக்கி அரைக்கால் சட்டை. நான் இந்தியும் ஆங்கிலமும் கலந்து கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார். எல்லையோரத்து ஹனூர் பக்கத்து ஆளாம், பெயர் மாதப்பன். நம் கொங்குப் பேச்சில் அங்கங்கே கன்னடம், பூட்டு அவருக்குப் பீகா, மணி கண்ட்டே.

“பீகா போட்டாச்சுங் சார். இனி நாலு கண்ட்டேக்குத்தான். நடுவுல தொறந்தா மேல இருக்கறவங்க என்னையத்தான் கேப்பாங்.”

பெண்ணைப் பார்க்க வருகிறார்கள், பத்து நிமிடம்தான், பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுகிறோம் என்றேன். அவர் கோகிலாவைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார், பிறகு எதிர்ப்பக்கம் தெருவைப் பார்த்தார். மறுபடியும் சருகு கூட்டப் போய்விட்டார். எனக்கு அந்த ஆளின் மேலும் கோபம் வந்தது.

பாவம், அவர்களும் நேரம் தெரியாமல்தான் சொல்லியிருப்பார்கள், வந்தால் எங்காவது ஓட்டலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று சரோஜாவிடம் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வீதியில் போகிற வருகிற எல்லோரும் பட்டுப்புடவையோடு நடைபாதையில் நிற்கும் கோகிலாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள். குதிரைவண்டிக்காரர் ஒருவர் அரண்மனைக்கா என்று இரண்டு தடவை கேட்டார். குதிரைச் சாணத்தின் நாற்றம். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது, கோகிலா காலை மாற்றி மாற்றி வைத்தாள். வியர்வையில் பவுடர் கோடு கோடாக இறங்க, சரோஜா முந்தானையால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தாள்.

11.08-க்கு வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு கார் வந்து எதிர்ச்சாரியில் ஒரு கடை நிழலில் நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் என்று விட்டுவிட்டேன். ஒருவேளை பூங்காவின் மறுமுனையில் அவர்கள் நிற்கலாம் என்று கோகிலாவை வேலியோரமாக அந்த முனைவரை நடத்திக் கூட்டிப்போனேன். அங்கே யாரும் இல்லை. திரும்ப நடத்திக் கூட்டிவந்தேன். மறுபடியும் ஒரு தடவை. அவர்களுக்கு வேண்டியதை நானே செய்துகொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாதப்பன் துடைப்பத்தோடு வேலிக்குப் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சார், அந்த காருதானுங் அவுங்க.”

எந்தக் கார் என்றேன்.

“அந்த மஞ்ச காரு. தீவாளிக்கு முன்னால ஒருக்கா வந்துச்சு, கார்த்திகையில ஒருக்கா வந்துச்சு. இதே நேரமுங். பொண்ணு வூட்டுக்காரங்க இங்கதான், நீங்க நிக்கற எடத்துலயே நின்னாங்க. புடிச்சிருந்தா எறங்கறது, இல்லாட்டி அப்படியே போயிர்றது.”

பூட்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். என் குரலே எனக்கு வேறு ஆள் குரலாகக் கேட்டது. மாதப்பன் இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

“போன தரம் அந்தப் பொண்ணு மயங்கி உக்காந்துருச்சுங். எனக்கு மனசு கேக்கல. காருகிட்டப் போயி, கேட்டைத் தொறக்கறேன் சாமி, உள்ள உக்காந்து பாருங்கன்னேன். அந்தய்யா வேண்டான்னாரு. உள்ள போனா மரம் மறைக்குதாம்.”

மரம் மறைக்கிறதாம். இருபத்தெட்டு வருடம் ஆகிறது, நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஒரு பெண் நிழலில் உட்கார்ந்துவிட்டால் நடை தெரியாது, உயரம் தெரியாது, வெளிச்சத்தில் நிறம் தெரியாது. ஆகவே பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். நூற்று அறுபது கிலோமீட்டர் வாந்தி எடுத்துக்கொண்டு வரட்டும், வெயிலில் நிற்கட்டும், இங்கும் அங்கும் நடக்கட்டும், நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்போம். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூடப் பக்கத்தில் வந்து பல்லைப் பார்ப்பான், மாட்டுக்காரனிடம் நாலு வார்த்தை பேசுவான். இவர்களுக்கு அந்த அளவுகூட மனசு வரவில்லை.

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். கண்ணாடியை உடைப்பது என்றுதான் முடிவு. நடைபாதையிலிருந்து கீழே கால் வைப்பதற்குள் கோகிலா என் கையைப் பிடித்தாள். மாதப்பன் சொன்னது முழுக்க அவள் காதிலும் விழுந்திருந்தது.

“நீ இரு அண்ணா. என்னையத்தான பாக்க வந்தாங்க, நான் போறேன்.”

குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஜோடியாக வேலியோரம் வைத்தாள். வெறுங்காலோடு, ஐந்தடி ஒரு அங்குலமாக, மாசி மாதத்துத் தார்ச்சாலையில் நடந்து எதிர்ப்பக்கம் போனாள். வேகமாகப் போகவில்லை. குதிகால் இரண்டிலும் ரத்தம் கட்டியிருந்தது எங்களுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

காரின் பின் சன்னல் பக்கம் போய் நின்றாள். கொஞ்சம் குனிந்து, கண்ணாடிக்கு மேலே கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தாள். சும்மா எட்டிப்பார்ப்பது இல்லை. நிதானமாக, தலை முதல் கால் வரை, நான் மனசுக்குள் முப்பது எண்ணி முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு முன் சன்னலின் கண்ணாடி இறங்கியது. வெள்ளை முடி, தங்கச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, அப்பாக்காரர். தெரு குறுகலானது, பேசியது எங்களுக்குக் கேட்டது.

“ஸ்வல்ப டைம் குடும்மா. நாங்க லெட்டர் போடறோம்.”

“லெட்டரெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் கோகிலா. “நானும் பாத்துட்டேன்.”

திரும்பி வந்தாள். கார் கிளம்பி, பின்னால் போய், வளைந்து போய்விட்டது. மணி 11.41. உள்ளே நான்கு பேராம், நடுவில் பிளாஸ்கும் தம்ளரும் இருந்ததாம். பையன் கையில் செய்தித்தாளாம், இவள் பார்க்கிறாள் என்றதும் அதை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டானாம். இதை எங்களுக்குச் சொல்லும்போது கோகிலா சிரித்தாள். பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சரோஜா அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. மாதப்பன் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டு, “வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க,” என்றார். இப்போது மட்டும் எப்படித் திறக்க முடிகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் குழாயைத் திறந்துவிட, கோகிலா முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டாள். வாழை இலையில் கட்டிக் கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தோம். மாதப்பனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டு நீரூற்றுப் பக்கம் போய் உட்கார்ந்தார். கோகிலா சாப்பிட்டுவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் பட்டுப்புடவையோடு படுத்து, ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

நான் மட்டும் ஓயவில்லை. என்ன ஜனங்கள், மனுசனா மிருகமா, ஒளிந்து நின்று ஒரு பெண்ணைப் பார்க்கிறவனும் ஒரு ஆம்பளையா, இவனுக்கெல்லாம் அக்கா தங்கை இருக்கிறதா இல்லையா என்று ஒரு கை சோற்றுக்கு ஒரு வசவாகப் பேசிக்கொண்டே இருந்தேன். சரோஜா இலையை மடித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு நீரூற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஏனுங்க, நீங்க மட்டும் என்னைய எங்க நின்னு பாத்தீங்க?”

எனக்குப் புரியவில்லை. கோயிலில்தானே என்றேன்.

“நவக்கிரகத்துக்கு ஒம்பது சுத்து முடிச்சதும் உங்கம்மா வந்து, கணக்கு தப்பிருச்சு கண்ணு, மறுபடியும் மொதல்ல இருந்து சுத்துன்னாங்க. கணக்கு ஒண்ணும் தப்பல. நான் எண்ணிக்கிட்டேதான் சுத்துனேன். தூணுக்குப் பின்னால உங்க வேட்டிக் கரை தெரிஞ்சுது.”

உனக்குத் தெரியாது என்று நினைத்தேன் என்று சொன்னேன். இதைவிட மட்டமான பதிலை என் வாழ்நாளில் சொன்னதில்லை.

“தெரிஞ்சுதான் சுத்துனேன். தூணுக்குப் பின்னால வந்து பாக்கலாம்னு எனக்குத் தோணல. கோகிலாவுக்குத் தோணிருக்குது.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. எட்டு வருடமாக இதை நான் ஒரு சாமர்த்தியமாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் காப்பி கொண்டுவந்து வைக்கும்போதுகூட.

1.30-க்கு எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்தே போனோம், பன்னிரண்டு நிமிடம். குதிகால் செருப்பை அங்கேயே வேலியோரம் விட்டுவிட்டோம். பஸ் நிலையத்துக்கு எதிரே கோகிலாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கினேன், இருபத்திரண்டு ரூபாய். சத்திக்கு நேர் பஸ் 2.10-க்கு. திம்பத்தில் இறங்கும்போது கோகிலா சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், வாந்தி எடுக்கவில்லை. கோபி வந்து சேர்ந்தபோது மாலை 7.25. அம்மா வாசலிலேயே நின்று என்ன ஆயிற்று என்று கேட்டாள். பையனைப் பிடிக்கவில்லை என்று கோகிலா சொன்னாள்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். அதன்பிறகு ஒருவரும் அவளைப் பார்க்க வரவில்லை, நானும் ஜாதகத்தை வெளியே எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவளே ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, பாருங்கள் என்றாள். பார்த்தோம். பக்கத்து வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, ஐந்தடி இரண்டு. அம்மா கேசரி கிண்டினாள்.

இனிக் கேட்டவருக்கு யோசனை. ஒரே நாளில் திரும்புவதென்றால் சத்தியில் ஆறு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். இப்போது மலைப்பாதையில் இரவில் வண்டி விடுவதில்லை என்பதால் திரும்பும் நேரத்தை அங்கே முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மலை ஏறும்முன் இட்லிக்கு மேல் எதுவும் சாப்பிட வேண்டாம். பஸ் நிலையத்திலிருந்து அரண்மனைப் பக்கம் நடந்தே போகலாம். நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் ஏறும் முன்னால் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள், டிரைவர் எந்த மொழி பேசினாலும். அந்தப் பழைய தெருக்களைக் காலை ஏழு மணிக்குப் பாருங்கள், கூட்டம் இருக்காது. சின்னப் பூங்காக்கள் நடுப்பகலில் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், வாசல் பலகையில் எண்களைப் பாருங்கள். நான் ஐந்து வருடம் முன்பு போனபோதும் பூட்டுதான், அதே பச்சை, அதே வெள்ளி. மாதப்பன் இல்லை, அங்கே இருந்தவருக்கு அப்படி ஒருவரைத் தெரியவும் இல்லை. மரம் இருக்கிறது.

இந்தப் பதிவைப் போடும் முன் சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்டுவிடுவதுதானே முறை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். நேரம், தூரம் எல்லாம் சரிதானே, நவக்கிரகத்தை நீ அன்று பதினெட்டுச் சுற்று சுற்றினாய் என்பதையும் எண்ணாகவே போட்டுவிடட்டுமா என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“எழுதறதுன்னா சரியா எழுதுங்க. ஒருக்கா இல்ல, உங்கம்மா ரெண்டு தரம் கணக்கு தப்பிருச்சுன்னாங்க. இருவத்தேழு.”